எல்லை தாண்டும் எழுத்து

சைபர் கிரைம் ஸ்டேஷனில் சேரும் மருமகளுக்கு அத்தையின் பன்னிரண்டு சொல்

கண்ணு,

பயிற்சி முடிந்து உன்னை மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷனில் எஸ்.ஐ.யாகப் போட்டிருக்கிறார்கள் என்று உன் அப்பன் நேற்றுப் போனில் சொன்னான். சந்தோஷத்தில் அவனுக்குப் பேச்சு வரவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் 1988-ல் காக்கி உடுத்தியபோது மிரட்டல் என்றால் மொட்டைக் கடிதாசி. பெயர் இருக்காது, ஆனால் தபால் முத்திரை இருக்கும். முத்திரையைப் பார்த்து அந்த ஊருக்குப் பஸ் ஏறினால், எழுத்தைக் கண்டதுமே "இது இன்னார் கை" என்று சொல்ல ஒரு வாத்தியார் இருப்பார். உன் மேசைக்கு வரப்போகும் மிரட்டலுக்கு முத்திரை கிடையாது. அனுப்பியவன் அடுத்த தெருவிலும் இருக்கலாம், ஆப்பிரிக்காவிலும் இருக்கலாம். அவன் சொல் ஒரு நொடியில் கடல் தாண்டி வந்துவிடும். உன் ஜீப்போ மாவட்ட எல்லையில் நின்றுவிடும். அதற்கு அப்பால் உனக்காகப் போவது நீ எழுதிய காகிதம் ஒன்றுதான். உன் முகமும் மொழியும் அறியாத ஒரு நீதிபதி அதைப் படித்து, "இந்த அதிகாரி சொல்வதை நம்பலாமா?" என்று தமக்குள் கேட்டுக்கொள்வார். 33 வருடத்தில் நான் செய்த பிழைகளில் பாதி அந்தக் கேள்வியை மறந்ததால் வந்தவை. அவை உனக்காவது உதவட்டும்.

1. பயந்து வந்தவரை முதலில் உட்கார வை. தண்ணீர் கொடு. அவர் பேசி முடிக்கும் வரை பேனாவைத் தொடாதே. ஒருமுறை கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள். வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒருவன் அவள் படத்தை வைத்துக்கொண்டு மிரட்டுகிறான். நான் கேட்ட முதல் கேள்வி, "நீ ஏன் அனுப்பினே?" எழுந்து போய்விட்டாள். பதினெட்டு நாள் கழித்து அண்ணன் கூட்டிவந்தபோது அந்தக் கணக்கே காணாமல் போயிருந்தது. விசாரணைக்காகத்தானே கேட்டேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் காதில் அது தீர்ப்பாக விழுந்திருந்தது. கத்தி யாருடையது என்று கேட்பதற்கு முன் காயத்துக்குக் கட்டுப் போடு.

2. "இது எங்கள் லிமிட் இல்லை" என்ற பேச்சை ஸ்டேஷன் வாசலிலேயே விட்டுவிடு. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு. அனுப்பியவன் அயல்நாட்டில் இருந்தாலும், குற்றத்தில் தொடர்புள்ள கணினி இந்தியாவில் இருந்தால் நம் சட்டம் செல்லும் என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 75-வது பிரிவு. அந்தச் சட்டப்படி விசாரிக்கும் அதிகாரம் இன்ஸ்பெக்டரிலிருந்துதான் தொடங்குகிறது, எஸ்.ஐ.க்கு இல்லை. அதற்காக மனம் சுணங்காதே. கையெழுத்து அவருடையது என்றாலும், புகார்தாரர் சொல்ல உன் பேனா எழுதும் முதல் வரிதான் கடைசிவரை கூட வரும். அடித்தளம் போட்டவன் பெயர் கோபுரத்தில் இருப்பதில்லை.

3. எதையும் அழிக்கச் சொல்லாதே. "எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டு நிம்மதியா தூங்கும்மா" என்று ஒரு பெண்ணிடம் நானே சொல்லியிருக்கிறேன். ஆறுதல் சொன்னதாக நினைத்தேன். சாட்சியத்தை என் வாயாலேயே கொன்றிருந்தேன். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. கணக்கின் பெயரை அவன் நாளைக்கே மாற்றுவான், அடியில் இருக்கும் அடையாள எண் மாறாது. அதையும் இணைய முகவரியையும் குறித்துக்கொள். அன்றைக்கே நிறுவனத்துக்கு, இருக்கும் பதிவுகளை அழிக்காமல் வைக்கும்படி கோரிக்கை அனுப்பு. அப்படிக் கேட்டால் பெரிய அமெரிக்க நிறுவனங்கள் 90 நாள் வைப்பது வழக்கம். முடியும் முன் நீட்டிக்கக் கேட்கலாம். இங்கே கோர்ட்டில் நிற்க புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும். பழைய 65பி-யை மறந்துபோய் எத்தனையோ நல்ல கேஸ் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். பசுவைக் கட்டாமல் பால் செம்பைத் தேடாதே.

4. மணி பார்க்க மறுபடியும் கற்றுக்கொள். சிரிக்காதே, நான் பட்ட பெரிய அவமானம் இது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அனுப்பிய பதிவில் 18.10 என்று இருந்தது. மாலை ஆறு பத்து என்று நினைத்து, அந்த நேரத்தில் அந்த ஐ.பி. முகவரி யாரிடம் இருந்தது என்று கேட்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. அது உலகப் பொது நேரம், ஐந்தரை மணி கூட்டினால் இரவு 11.40 என்று சொன்னவன் எங்கள் ஸ்டேஷனில் புதிதாகச் சேர்ந்த கான்ஸ்டபிள். முந்தின நாளே சொல்ல வந்தானாம், நான் காது கொடுக்கவில்லை. செல்போன் இணைப்பில் ஒரே முகவரியை ஒரே நேரத்தில் பலர் பகிர்ந்துகொள்வார்கள் என்பதால் போர்ட் எண்ணும் கேட்க வேண்டும் என்பதையும் அவன்தான் கற்றுக்கொடுத்தான். அந்த ஆசிரியர் வீட்டுக்கு மறுநாள் யூனிஃபார்மிலேயே போய், தெரு பார்க்க மன்னிப்புக் கேட்டேன். எங்கே தலை நிமிர்ந்து தப்பு செய்தாயோ அங்கேயே தலை குனி.

5. கேலி, கோபம், மிரட்டல் மூன்றையும் பிரித்துப் பார். 2010-ல் இங்கிலாந்தில் பனியால் ராபின் ஹுட் விமான நிலையம் மூடப்பட்ட எரிச்சலில், அதைத் தகர்த்துவிடுவதாக ட்விட்டரில் ஒருவர் வேடிக்கையாக எழுதினார். வழக்கு, தண்டனை, வேலை இழப்பு எல்லாம் வந்தன. 2012-ல் மேல் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அதற்குள் ஒரு மனிதனின் இரண்டரை வருடம் போயிற்று. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023-ல், தன் சொல் மிரட்டலாகக் கொள்ளப்படலாம் என்பது தெரிந்தும் பொருட்படுத்தாமல் பேசினான் என்றாவது காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆகவே சொல்லை மட்டும் அனுப்பாதே. அவள் நிறுத்தச் சொன்னாள், அவன் நிறுத்தவில்லை, அவள் வீட்டு வாசலைப் படம் எடுத்து அனுப்பினான் என்ற வரிசையை எழுது. குரைத்தது எத்தனை முறை என்பதைவிட, எவ்வளவு கிட்டே வந்தது என்பதைக் கவனி.

6. பிரிவுகளை அடுக்கிக் கனம் காட்டாதே, நடந்ததை எழுது. நான் இளமையில் ஒரு எஃப்.ஐ.ஆரில் ஏழு பிரிவு போட்டுப் பெருமைப்பட்டவள். மிரட்டலுக்கு நாம் போடும் 351 என்ன, பழைய 506 என்ன, அயல்நாட்டுக்காரனுக்கு? இந்தச் செயல் எங்கள் நாட்டிலும் குற்றமா என்று மட்டும்தான் அவன் பார்ப்பான். 1997-ல் இந்தியாவும் அமெரிக்காவும் செய்த ஒப்படைப்பு ஒப்பந்தத்தின்படி, இரு நாட்டுச் சட்டத்திலும் ஓராண்டுக்கு மேல் சிறைத் தண்டனைக்குரிய செயலாக அது இருக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை நினைவில் வை. உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் அதைச் செல்லாது என்றது. அதன் பிறகும் நம்மவர்கள் அந்தப் பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்ததால் 2022-ல் மறுபடியும் கண்டிக்க வேண்டியதாயிற்று. செத்த பிரிவைச் சுமந்து போகும் கடிதத்தை எந்த நாடு மதிக்கும்?

7. மொழிபெயர்ப்பைக் கீழ்வேலை என்று நினைக்காதே. 2012-ல் தையற்கடை நடத்தும் பெண் ஒருத்திக்கு, சொத்துத் தகராறில் வளைகுடாவில் இருந்த உறவுக்காரன் செய்தி அனுப்பினான்: "உனக்குப் பால் ஊத்த நாள் குறிச்சாச்சு." படித்த அன்றிலிருந்து அவள் கடையைத் திறக்கவில்லை. நாங்கள் அனுப்பிய ஆங்கிலத் தாளில், உனக்குப் பால் ஊற்றுவதற்கு ஒரு நாள் நிச்சயிக்கப்பட்டது என்று சொல்லுக்குச் சொல் இருந்தது. ஐந்து மாதம் கழித்து ஒரு கேள்வி வந்தது: பால் தருவதாகச் சொல்வதில் அச்சுறுத்தல் என்ன? எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிறகு சொல்லைச் சொல்லாகவே வைத்து, எரித்த மறுநாள் சாம்பலுக்குப் பால் ஊற்றும் நம் வழக்கத்தைத் தமிழ்ப் பேராசிரியர் ஒருவரின் வாக்குமூலமாகத் தனியே இணைத்தோம். "கொன்றுவிடுவேன் என்றே மாற்றிவிடலாமே அம்மா" என்று ரைட்டர் சொன்னார். நல்ல வேளை, கேட்கவில்லை. அவன் சொல்லாத சொல்லை அவன் வாயில் வைத்தால், சொன்ன சொல்லிலிருந்தும் தப்பித்துவிடுவான்.

8. "புலி வருது" என்று கூவாதே. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால், அமெரிக்க நிறுவனங்கள் கோர்ட் ஆணை இல்லாமலே விவரம் தர அவர்கள் சட்டம் அனுமதிக்கிறது. 2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் பத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு வெடிகுண்டு மின்னஞ்சல் வந்து, பெற்றோர் பதறி ஓடிய காட்சியை நீயும் டி.வி.யில் பார்த்திருப்பாய். கடைசியில் எல்லாம் புரளி. ஆனாலும் காலையில் அது உனக்குத் தெரியாது. அப்படிப்பட்ட நேரத்துக்கு வைத்த கதவு அது. நான் ஒருமுறை சாதாரண அவதூறு வழக்குக்கு அவசரம் என்று குறித்து அனுப்பினேன். அடுத்த மாதம் உண்மையான அவசரம் வந்தபோது என் கடிதத்துக்கு எதிர்முனையில் பத்துக் கேள்வி. மற்ற நேரங்களில் நீண்ட வழியே வழி. கணக்கு யாருடையது என்ற விவரம் எளிதில் கிடைக்கலாம். உள்ளே எழுதியிருப்பது வேண்டுமென்றால் நீதிமன்றத்தின் வேண்டுகோள் கடிதம், உள்துறை அமைச்சகம், பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தம், பிறகு அந்த நாட்டு நீதிபதி என்று படி ஏற வேண்டும். ஒரு படியைத் தாண்டிக் குதித்தவர்கள் முதல் படிக்கே திரும்பி வந்ததைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

9. நம் மொழியில் "நாடு கடத்தல்" என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு கதவு இருக்கிறது, குழம்பாதே. விசா முடிந்தவனையோ வேண்டாதவனையோ ஒரு நாடு தன் குடியேற்றச் சட்டப்படி வெளியேற்றுவது ஒன்று. குற்றம் சாட்டப்பட்டவனை நாம் கேட்டு, அவர்கள் நீதிமன்றம் பரிசீலித்து, நம்மிடம் ஒப்படைப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு நம்மிடம் 1962-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கோரிக்கை வெளியுறவு அமைச்சகம் வழியாகத்தான் போகும். ஒரு கோப்பில் "உடனே நாடு கடத்த வேண்டும்" என்று வீராவேசமாக எழுதினேன். "எதைக் கேட்கிறீர்கள்?" என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது. இன்டர்போலின் ரெட் நோட்டீஸைப் பற்றியும் பத்திரிகைக்காரர்களிடம் பெருமை பேசாதே. அது பிடிவாரண்ட் இல்லை. 196 உறுப்பு நாடுகளுக்கும் போகும் வேண்டுகோள். கைது செய்வதா வேண்டாமா என்பதை அந்தந்த நாடுதான் முடிவு செய்யும். நமக்கு அந்த வாசலில் நிற்பது சி.பி.ஐ.

10. காலத்துக்கு வாக்குக் கொடுக்காதே. கனடாவில் அமாண்டா டாட் என்ற 15 வயதுப் பெண், இணையத்தில் மிரட்டிய ஒருவனால் நொந்து 2012 அக்டோபரில் உயிரை மாய்த்துக்கொண்டாள். 22 போலிக் கணக்குகளுக்குப் பின்னால் இருந்தவன் 2014-ல் நெதர்லாந்தில் பிடிபட்டான். அங்கே வேறு பலரை மிரட்டியதற்கு 2017-ல் ஏறத்தாழ 11 ஆண்டுத் தண்டனை. 2020 டிசம்பரில்தான் கனடாவுக்கு வந்தான். 2022-ல் 13 ஆண்டு என்றது கனடா நீதிமன்றம். தண்டனையைச் சொந்த நாட்டில் கழிக்கலாம் என்ற ஏற்பாட்டின்படி திரும்பியதும், 2023-ல் டச்சு நீதிமன்றம் அதை 6 ஆண்டாக மாற்றியது. அந்தத் தாய் காத்திருந்த காலத்தை எண்ணிப் பார். சில நேரம் சக்கரம் வேகமாகவும் சுற்றும்: மிச்சிகனில் ஒரு பள்ளி மாணவன் 2022-ல் இப்படியே இறந்தான், லாகோஸைச் சேர்ந்த சகோதரர் இருவரை நைஜீரியா அடுத்த ஆண்டே ஒப்படைத்தது, 2024-ல் ஆளுக்குப் பதினேழரை ஆண்டு. எது எப்படி ஆகும் என்று உன்னால் சொல்ல முடியாது. "ஒரு மாசத்துல புடிச்சிடுவோம்மா" என்று நான் சொன்ன ஒரு தாய், ஒவ்வொரு மாதமும் முதல் தேதி ஸ்டேஷனுக்கு வந்தார், இரண்டு வருடம். கடைசியில் வருவதை நிறுத்திக்கொண்டார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

11. மறுப்பைப் பகையாக எடுக்காதே, கொடுத்த சொல்லைக் கைவிடாதே. 2017-ல் அமெரிக்காவின் யூதச் சமூக மையங்களுக்கு வந்த வெடிகுண்டு மிரட்டல்களுக்குப் பின்னால் யூத வெறுப்பாளர்கள்தான் இருப்பார்கள் என்று பலரும் நினைத்தார்கள். பிடிபட்டவன் இஸ்ரேலின் அஷ்கெலான் நகரத்து யூத இளைஞன். இஸ்ரேல் அவனை அமெரிக்காவுக்கு அனுப்பாமல் தானே விசாரித்து, 2018-ல் 10 ஆண்டு கொடுத்தது. நீதி எந்த ஊர் வாசலில் வந்தாலும் நீதிதான். மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலேமைப் போர்ச்சுகலிலிருந்து கொண்டுவர, தூக்கு இல்லை, 25 ஆண்டுக்கு மேல் சிறை இல்லை என்று நம் அரசு வாக்குக் கொடுத்தது. அவன் வந்தது 2005-ல். அந்த வாக்கைக் காப்பாற்றியாக வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாக்குத் தவறும் நாட்டுக்கு அடுத்த ஆளை யார் ஒப்படைப்பார்கள்? இன்னொன்று, திகார் சிறையின் நிலையைக் காட்டி லண்டன் நீதிமன்றம் 2017-ல் ஒருவரை அனுப்ப மறுத்திருக்கிறது. உறுதிமொழிகள் கொடுத்த பிறகுதான் 2020-ல் அவர் வந்தார். நம் மாநிலத்தில் போலீஸ் காவலில் நேர்ந்த மரணங்களால் சாத்தான்குளம் என்ற ஊரின் பெயர் உலகுக்குத் தெரிந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. உன் ஸ்டேஷன் லாக்கப்பில் இன்று ராத்திரி ஒருவனை எப்படி நடத்துகிறாய் என்பது, என்றோ ஒருநாள் எங்கோ ஒரு கோர்ட்டில் நமக்கு எதிராக வாசிக்கப்படலாம். யாரும் வாசிக்காவிட்டாலும் ஒழுங்காக நடத்து.

12. கடைசியாக, மிரட்டியவனும் ஒரு வீட்டில் பிறந்தவன் என்பதை மறக்காதே. அந்தப் பால் ஊற்றும் வழக்கில் ஒப்படைப்பு வரவேயில்லை. கடிதங்கள் போயின, கேள்விகள் வந்தன, அவ்வளவுதான். லுக் அவுட் சர்க்குலர் மட்டும் விமான நிலையத்தில் காத்திருந்தது. 2015-ல் ஒரு நடுராத்திரி போன் வந்தது. அப்பா இறந்த செய்தி கேட்டு அவன் வந்து இறங்கியிருக்கிறான். மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினோம். மறுநாள் காலையில் சாம்பலுக்குப் பால் ஊற்ற வேண்டும், அனுப்புங்கள் என்று அவன் கும்பிட்டான். மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார். பந்தோபஸ்து கொடுக்கிறேன் என்றேன், அனுமதி கிடைத்தது. மூன்று வருடம் பயந்து வாழ்ந்தவளுக்கு இது தெரிய வேண்டும் என்று அந்தத் தையற்கடைப் பெண்ணுக்குப் போன் செய்தேன். வெகு நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னாள்: "போய் ஊத்தட்டும்மா. செத்தவரு என்ன பண்ணினாரு?"

விடியற்காலை மயானத்தில் அவன் கையில் செம்போடு நின்றான், நான் பத்தடி தள்ளி நின்றேன். பிறகு வழக்கு நடந்தது, தண்டனையும் வந்தது. எல்லாவற்றையும் கேஸ் டைரியில் எழுதினேன். அவள் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் எழுத அதில் இடம் இல்லை. அதை உனக்கு எழுதி வைக்கிறேன் கண்ணு.

உன் அத்தை